மடியில் கனம், அதனால் வழியில் பயம்!

காஸா மக்களுக்காக ஒரு கண்டனப் பொதுக்கூட்டம். இஷா தொழுகைக்குப் பிறகு தொடங்கி இரவு பத்து மணியைத் தாண்டிவிட்டது. கடைசிப் பேச்சாளன் நான். ‘நெதன்யாஹுவைக் கைது செய்! ஹேக் நகரத்துக் கூண்டில் ஏற்று!’ என்று முழங்கிவிட்டு, தீர்மானத்தையும் வாசித்துவிட்டு இறங்கினேன். தக்பீர் முழக்கம் அடங்கவில்லை. அந்த ஊர் ஜமாஅத்தைச் சேர்ந்த வயதான வக்கீல் ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

“ஹஜ்ரத், நல்லாப் பேசினீங்க. ஒரே ஒரு சந்தேகம். அந்தக் கோர்ட்டுல சவூதி சேர்ந்திருக்கா?”

எனக்குத் தெரியவில்லை.

“எகிப்து? துருக்கி? பாகிஸ்தான்?”

விழித்தேன்.

“சரி, அதெல்லாம் இருக்கட்டும். நம்ம இந்தியா?”

ஒரு மணி நேரம் எந்த நீதிமன்றத்தின் பெயரைச் சொல்லித் தொண்டை வறளப் பேசினேனோ, அந்த நீதிமன்றத்தைப் பற்றி எனக்கு இருந்த ஞானம் இவ்வளவுதான்! வெட்கத்தை விட்டுத்தான் இதை எழுதுகிறேன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வெட்கம் போய்க் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி அமெரிக்கா மீது. மீதிப் பாதி நம் ஆட்கள் மீது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

அது என்ன நீதிமன்றம்?

ஐ.சி.சி. என்றால் நம் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் கவுன்சில்தான் நினைவுக்கு வரும். இது வேறு. நெதர்லாந்து நாட்டின் ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம். அதே ஊரில் ஐ.நா.வின் சர்வதேச நீதிமன்றம் என்று இன்னொன்றும் உண்டு. அங்கே நாட்டின் மீது நாடு வழக்குப் போடும். 2023 டிசம்பரில் தென் ஆப்பிரிக்கா இஸ்ரேல் மீது வழக்குப் போட்டது அங்கேதான். நாம் பேசுவது தனி மனிதர்களைக் கூண்டில் ஏற்றும் நீதிமன்றத்தைப் பற்றி. இரண்டையும் குழப்பிக் கொண்டு மேடையில் பேசுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். நானும் ஒருவன்.

இது ஏன் வந்தது? போஸ்னியாவை மறந்திருக்க மாட்டீர்கள். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிட்சாவில் சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் செர்பியப் படை கொன்று குழியில் தள்ளியது. ஐ.நா. ‘பாதுகாப்பான பகுதி’ என்று அறிவித்த ஊர் அது! யூகோஸ்லாவியாவுக்கென்று 1993இல் ஒரு தனி நீதிமன்றம், ருவாண்டாவுக்கென்று 1994இல் ஒரு தனி நீதிமன்றம் என்று அமைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு படுகொலைக்கும் ஒரு நீதிமன்றம் கட்டிக் கொண்டிருக்க முடியுமா? எப்போதும் திறந்திருக்கும் நீதிமன்றம் ஒன்று வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 1998 ஜூன், ஜூலை மாதங்களில் ஐந்து வாரம் ரோம் நகரில் மாநாடு கூடியது. ஜூலை 17 அன்று ஓட்டெடுப்பு. ஆதரவு 120. எதிர்ப்பு 7. நடுநிலை 21.

எந்த நாடு எப்படி ஓட்டுப் போட்டது என்று அதிகாரப்பூர்வமாகப் பதியவில்லை. ஆனால் நாங்கள் எதிர்த்தே ஓட்டுப் போட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லிக் கொண்ட நாடுகள் மூன்று: அமெரிக்கா, இஸ்ரேல், சீனா. நடுநிலை வகித்த 21இல் நம் இந்தியாவும் ஒன்று. போதுமான நாடுகள் ஒப்புதல் தந்த பிறகு 2002 ஜூலை 1 அன்று ரோம் சாசனம் நடைமுறைக்கு வந்தது.

2025ஆம் ஆண்டில் உறுப்பு நாடுகளின் எண்ணிக்கை 125. கேட்பதற்குப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் மக்கள் தொகையில் உலகின் முதல் ஐந்து நாடுகளை எடுத்துக் கொள்ளுங்கள். இந்தியா, சீனா, அமெரிக்கா, இந்தோனேஷியா, பாகிஸ்தான். ஒன்றுகூட உள்ளே இல்லை! அணுகுண்டு வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் பிரிட்டனும் பிரான்சும் மட்டுமே உள்ளே. மற்ற ஏழும் வெளியே. அந்த பிரான்சும் சும்மா வரவில்லை. புதிதாகச் சேரும் நாடு, தன் ஆட்கள் செய்யும் போர்க்குற்றங்களை ஏழு ஆண்டுகளுக்கு விசாரிக்கக் கூடாது என்று கேட்டுக் கொள்ளலாம் என 124ஆம் விதியில் ஒரு சந்து வைத்திருந்தார்கள். அந்தச் சந்து வழியாகத்தான் பிரான்ஸ் நுழைந்தது. ரஷ்யாவின் குற்றங்களை விசாரியுங்கள் என்று நியாயமாகவே கேட்ட உக்ரைன், 2025 ஜனவரியில் உறுப்பினரானபோது அதே சந்தைத்தான் பயன்படுத்தியது. வாதியாக வருகிறேன், ஆனால் பிரதிவாதியாக வர மாட்டேன் என்பது இதன் பொருள்.

எது அவர்களை உறுத்துகிறது?

சாசனத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விதிகள். இரண்டை மட்டும் மனதில் வையுங்கள்.

ஒன்று, 27ஆம் விதி. நாட்டின் அதிபரானாலும், பிரதமரானாலும், மந்திரியானாலும், எம்.பி.யானாலும் பதவியைக் காட்டித் தப்ப முடியாது. மன்னராட்சி நாட்டின் தலைவருக்கும் இதுதான் சட்டம்.

இரண்டு, 17ஆம் விதி. இதைப் பலரும் சொல்வதில்லை. சேராத நாடுகள் சொல்லவே சொல்லாது. ஹேக் நீதிமன்றம் முதலில் வராது. உன் நாட்டுக் குற்றவாளியை உன் நாட்டு நீதிமன்றமே நேர்மையாக விசாரித்தால் ஹேக் ஒதுங்கிக் கொள்ள வேண்டும். விசாரிக்க உனக்கு மனமில்லை அல்லது சக்தியில்லை என்றால்தான் அது உள்ளே வரும்.

இப்போது யோசியுங்கள். ‘எங்கள் நாட்டு நீதித்துறை வலுவானது. வெளியார் தலையீடு எங்களுக்குத் தேவையில்லை’ என்று வெளியே நிற்கும் நாடுகள் சொல்கின்றன. நீதித்துறை வலுவாக இருந்து, அது வேலையையும் செய்தால் வெளியார் வரவே முடியாதே! பிறகு எதற்குப் பயம்? உறுப்பு நாடான பிரிட்டனின் ராணுவம் ஈராக்கில் கைதிகளைச் சித்திரவதை செய்த விவகாரத்தை ஹேக் அரசு வழக்குரைஞர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். போர்க்குற்றம் நடந்ததாக நம்ப நியாயமான ஆதாரம் இருக்கிறது என்றும் எழுதினார். ஆனாலும் பிரிட்டன் விசாரிக்க மனமில்லாமல் இருந்தது என்று முடிவு கட்ட முடியவில்லை என்று சொல்லி 2020 டிசம்பரில் கோப்பை மூடிவிட்டார். பிரிட்டனில் நடந்த விசாரணை எத்தனை பேரைச் சிறைக்கு அனுப்பியது என்று கேட்காதீர்கள். விசாரணை செய்ததாகக் காட்டினாலே தப்பிக்கலாம் என்ற அளவுக்குத் தயவான நீதிமன்றம் இது. அதற்கே இவ்வளவு நடுக்கம்!

ஆக, சேராத நாடு தன்னை அறியாமல் ஒரு வாக்குமூலம் கொடுக்கிறது. ‘என் ஆட்கள் இப்படிப்பட்ட குற்றம் செய்யக்கூடும். செய்தால் நான் விசாரிக்க மாட்டேன். விசாரித்ததாகக் காட்டிக் கொள்ளவும் மாட்டேன்.’ இறையாண்மை, தேசப் பாதுகாப்பு, அரசியல் உள்நோக்கம் என்று எத்தனை போர்வை போர்த்தினாலும் உள்ளே கிடப்பது இந்த வாக்குமூலம்தான். தன் ஆளைத் தானே மன்னித்துக் கொள்ளும் அதிகாரத்தை விட்டுக் கொடுக்க எந்த அரசுக்கும் மனம் வருவதில்லை.

உலக நாட்டாமையின் சட்டம்

அமெரிக்காவின் கதை எல்லோருக்கும் ஓரளவு தெரியும். ஆனாலும் சில விவரங்கள். 2000 டிசம்பர் 31, கையெழுத்திடக் கடைசி நாள். அன்று கிளிண்டன் அரசு கையெழுத்துப் போட்டது. அதே நாளில் இஸ்ரேலும் போட்டது, ஈரானும் போட்டது. 2002 மே மாதம் புஷ் அரசு, ‘அந்தக் கையெழுத்து எங்களைக் கட்டுப்படுத்தாது’ என்று ஐ.நா.வுக்குக் கடிதம் எழுதியது. ஆகஸ்டில் இஸ்ரேலும் அதே மாதிரி எழுதிவிட்டது. குருவின் வழியில் சீடன்!

அத்தோடு விட்டார்களா? அதே ஆகஸ்டில் ஒரு சட்டம். அமெரிக்க வீரர்களை ஹேக் நீதிமன்றம் பிடித்து வைத்தால், அவர்களை மீட்கத் தேவையான எல்லா வழிகளையும் அதிபர் பயன்படுத்தலாமாம். ‘ஹேக் மீது படையெடுக்கும் சட்டம்’ என்று உலகமே கேலி பேசியது. ஹேக் இருப்பது எதிரி நாட்டில் அல்ல; அமெரிக்காவின் நேட்டோ கூட்டாளியான நெதர்லாந்தில்! பிறகு நாடு நாடாகப் போய், ‘எங்கள் ஆளை ஹேக்கில் ஒப்படைக்க மாட்டோம் என்று எழுதிக் கொடு, இல்லாவிட்டால் ராணுவ உதவியை நிறுத்துவேன்’ என்று மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள்.

2023 மார்ச்சில் ரஷ்ய அதிபர் புடினுக்கு ஹேக் நீதிமன்றம் கைது வாரண்ட் பிறப்பித்தது. ‘நியாயமானது’ என்றார் பைடன். 2024 மே மாதம் அதே நீதிமன்றத்தின் வழக்குரைஞர் நெதன்யாஹு மீது வாரண்ட் கேட்டார். ‘மூர்க்கத்தனமானது’ என்றார் அதே பைடன். இடையில் பதினான்கு மாதங்கள்தான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்! 2024 நவம்பர் 21 அன்று வாரண்ட் வந்தது. 2025 பிப்ரவரியில் டிரம்ப் அரசு வழக்குரைஞர் மீதே தடை விதித்தது. ஜூன் மாதம் நீதிபதிகள் மீதும் தடை. இது புதிய பழக்கமும் அல்ல. 2020இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படை செய்ததை விசாரிக்க முனைந்ததற்காக, காம்பியா நாட்டு முஸ்லிம் பெண்மணியான அன்றைய வழக்குரைஞர் ஃபாத்து பென்சூதா மீது இதே டிரம்ப் தடை போட்டார். திருடனைப் பிடிக்கப் போன போலீஸ்காரரின் வங்கிக் கணக்கைத் திருடனே முடக்கும் விந்தை இது.

ரஷ்யா மட்டும் என்ன யோக்கியம்? அதுவும் 2000ஆம் ஆண்டில் கையெழுத்திட்ட நாடுதான். கிரிமியாவில் நடப்பது ரஷ்ய ஆக்கிரமிப்பு என்று ஹேக் அறிக்கை சொன்ன கையோடு, 2016 நவம்பரில், கையெழுத்தை வாபஸ் வாங்கிக் கொண்டது.

இனி நம் வீட்டுக் கதை

ரோமில் இந்தியப் பிரதிநிதிகள் வைத்த ஆட்சேபங்களை நான் கேலி செய்ய மாட்டேன். அவற்றில் நியாயமும் இருந்தது. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் நினைத்தால் உறுப்பினரல்லாத நாட்டின் விவகாரத்தையும் ஹேக்கிற்கு அனுப்பலாம். நினைத்தால் ஒரு விசாரணையைப் பன்னிரண்டு மாதம் நிறுத்தியும் வைக்கலாம். தாங்கள் சேராமல் வெளியே நின்று கொண்டு மற்றவர்களை உள்ளே தள்ளும் அதிகாரம் அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு எதற்கு? இது சரியான கேள்வி. அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவதைக் குற்றப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்றும் இந்தியா கேட்டது. பொக்ரானில் குண்டு வெடித்துச் சுமார் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இருந்தாலும் கேட்டது சரியானதுதான்.

ஆனால் 2011 பிப்ரவரி 26 அன்று என்ன நடந்தது? லிபியா விவகாரத்தை ஹேக்கிற்கு அனுப்பும் தீர்மானம் பாதுகாப்பு கவுன்சிலுக்கு வந்தது. லிபியா உறுப்பு நாடு அல்ல. அப்போது கவுன்சிலின் தற்காலிக உறுப்பினராக இருந்தது இந்தியா. எதை எதிர்த்து ரோமில் கொள்கை முழக்கம் செய்தார்களோ அதற்கே கை தூக்கினார்கள்! படிப்படியாகப் போயிருக்கலாம் என்று ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான். பதினைந்து ஓட்டும் ஆதரவு. கடாஃபியை அனுப்பலாம், அப்போது கொள்கை தடுக்கவில்லை. 2002 டிசம்பரில், அமெரிக்கர்களை ஹேக்கில் ஒப்படைக்க மாட்டோம், அவர்களும் நம்மவர்களை ஒப்படைக்க மாட்டார்கள் என்ற அந்த ஒப்பந்தத்திலும் இந்தியா கையெழுத்திட்டது. ரோமுக்குப் போனது வாஜ்பாய் அரசு. இந்த ஒப்பந்தத்தைச் செய்ததும் வாஜ்பாய் அரசு. லிபியாவுக்குக் கை தூக்கியது மன்மோகன் அரசு. காவியும் கதரும் சண்டை போடாத ஒரே இடம் இதுதான் போலிருக்கிறது.

சேராவிட்டால் போகட்டும். உள்நாட்டில் என்ன வைத்திருக்கிறார்கள்? இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை இந்தியா 1959இல் ஏற்றுக் கொண்டது. ஏற்றுக் கொண்ட நாடு அதற்கென்று சட்டம் இயற்ற வேண்டும் என்று அந்த உடன்படிக்கையே சொல்கிறது. அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் சட்டம் இல்லை.

1984 நவம்பரில் தில்லியில் நடந்த சீக்கியர் படுகொலை வழக்கொன்றில் 2018 டிசம்பர் 17 அன்று தில்லி உயர் நீதிமன்றம் ஒரு முன்னாள் எம்.பி.க்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து! சென்னையில் வக்கீல் தொழிலைத் தொடங்கிய நீதிபதி முரளிதர் அந்த அமர்வில் இருந்தார். மனித குலத்திற்கு எதிரான குற்றமும் இனப்படுகொலையும் நம் நாட்டுச் சட்டத்தில் குற்றமாகவே இல்லை, இந்த ஓட்டையை உடனடியாக அடைக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. 1993 மும்பை, 2002 குஜராத், 2008 கந்தமால், 2013 முசாஃபர்நகர் என்று சிறுபான்மையினர் குறிவைக்கப்பட்ட ஊர்களின் பெயர்களையும் சேர்த்தே எழுதியது. அரசியல்வாதிகளின் ஆதரவும் போலீசின் துணையும் இருந்ததால்தான் குற்றவாளிகள் தப்பினார்கள் என்றும் சொன்னது.

இதைச் சொன்னது ஹேக் அல்ல, தில்லி உயர் நீதிமன்றம்! வெளிநாட்டுச் சதி என்று இதை ஒதுக்க முடியாது.

அடைத்தார்களா? வெள்ளைக்காரன் காலத்து இந்திய தண்டனைச் சட்டத்தைத் தூக்கி எறிகிறோம் என்று சொல்லி பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டத்தைக் கொண்டு வந்தார்கள். அது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் பயங்கரவாதத்திற்குத் தனிப் பிரிவு உண்டு. திட்டமிட்ட குற்றக் கும்பல்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. இனப்படுகொலைக்கு ஒரு வரிகூட இல்லை. ராணுவத்தினர் மீது வழக்கு நடத்த மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டமும் அப்படியே இருக்கிறது. ‘எங்கள் நீதிமன்றங்களே போதும்’ என்று உலகத்திற்குச் சொல்கிறவர்கள், தங்கள் நீதிமன்றம் கேட்ட சட்டத்தையே தங்கள் நீதிமன்றத்திற்குக் கொடுக்க மறுக்கிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாளையே இந்தியா சேர்ந்தாலும் 1984க்கோ 2002 குஜராத்திற்கோ ஹேக்கில் வழக்கு வராது. சேர்ந்த பிறகு நடப்பதைத்தான் அந்த நீதிமன்றம் விசாரிக்கும். ‘மோடியை ஹேக்கிற்கு அனுப்புவோம்’ என்று மேடையில் கைதட்டல் வாங்குகிறவர்கள் மக்களை ஏமாற்ற வேண்டாம். இனி நடக்கக் கூடாது என்பதற்குத்தான் கேட்கிறோம்.

பக்கத்து நாடு சேர்ந்திருந்தால்?

2017 ஆகஸ்டுக்குப் பிறகு ரோஹிங்யா முஸ்லிம்கள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பர்மாவிலிருந்து வங்கதேசத்துக்கு விரட்டப்பட்டார்கள். பர்மா உறுப்பு நாடு அல்ல. பாதுகாப்பு கவுன்சிலில் சீனாவின் வீட்டோ காத்திருக்கிறது. எல்லாக் கதவும் மூடியாயிற்று என்றுதான் நினைத்தோம். ஆனால் வங்கதேசம் 2010இலேயே சேர்ந்திருந்தது. நாடு கடத்துவது என்பது எல்லையைத் தாண்டினால்தான் முழுமையாகும் குற்றம். அதன் பாதி வங்கதேச மண்ணில் நடந்திருக்கிறது. ஆகவே எங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2018இல் நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். 2019 நவம்பரில் விசாரணைக்கு அனுமதி கிடைத்தது. 2024 நவம்பரில் பர்மா ராணுவத் தலைவர் மின் ஆங் ஹ்லைங் மீது வழக்குரைஞர் வாரண்ட் கேட்டார். ஏழை நாடு ஒன்று போட்ட ஒரு கையெழுத்துத்தான் இந்தக் கதவைத் திறந்தது.

இதைப் படிக்கும்போது ராமேஸ்வரம் நினைவுக்கு வருகிறது. இலங்கை உறுப்பு நாடு அல்ல. 2006 முதல் 2009 வரை நடந்த கடைசிக் கட்டப் போரில் படகேறித் தப்பி வந்த தமிழர்கள் இறங்கிய கரை நம் கரை. ரோஹிங்யாக்களுக்கு வங்கதேசத்தில் திறந்த கதவு அவர்களுக்கு இங்கே திறந்திருக்க வழியே இல்லை. காரணம், இந்தியாவும் உறுப்பு நாடு அல்ல. இலங்கைத் தமிழர்களுக்காகச் சட்டசபையில் தீர்மானம் போடும் கட்சிகள் எதுவும் இந்தியாவே ரோம் சாசனத்தில் கையெழுத்திடு என்று தொடர்ந்து போராடியதாக எனக்கு நினைவில்லை.

நம் ஆட்கள் செய்தது என்ன?

இனிமேல் எழுதப் போவது சிலருக்குக் கசக்கும்.

ஆக்கிரமித்த நிலத்தில் தன் குடிமக்களைக் குடியேற்றுவது போர்க்குற்றம் என்று ரோம் சாசனம் சொல்கிறது. நேரடியாகவோ மறைமுகமாகவோ செய்தாலும் குற்றம்தான். அரபு நாடுகள் வற்புறுத்திச் சேர்த்த வாசகம் இது. இது எங்களைக் குறிவைத்த வாசகம் என்று சொல்லித்தான் இஸ்ரேல் ரோமில் எதிர்த்து ஓட்டுப் போட்டது. சபாஷ் என்று சொல்லத் தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள். வாசகத்தைச் சேர்த்த அரபு நாடுகளில் எத்தனை நாடுகள் சாசனத்தில் சேர்ந்தன? ஜோர்டான் சேர்ந்தது. ஜிபூட்டி, கொமொரோஸ் சேர்ந்தன. சர்வாதிகாரியை விரட்டிய பிறகு 2011இல் துனீஷியா சேர்ந்தது. எகிப்து, சிரியா, மொராக்கோ, அமீரகம், குவைத் எல்லாம் கையெழுத்தோடு நின்றன. சவூதி, கத்தர், லெபனான், ஈராக் கையெழுத்தே போடவில்லை. அரபு நாடல்லாத துருக்கியும் பாகிஸ்தானும் இந்தோனேஷியாவும் போடவில்லை. ஈரான் போட்டது, கால் நூற்றாண்டாக ஒப்புதல் தரவில்லை. இஸ்ரேலைப் பிடிக்க வலை பின்னினார்கள். தங்கள் காலும் அதில் மாட்டும் என்று தெரிந்ததும் வலையைக் கரையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

கடைசியில் அந்த வலையை எடுத்து வீசியது யார்? நாடே இல்லாத பாலஸ்தீன மக்கள்! 2015 ஜனவரியில் பாலஸ்தீனம் சேர்ந்தது. அதற்குத் தண்டனையாக அவர்களுக்குச் சேர வேண்டிய வரிப் பணம் 12 கோடியே 70 லட்சம் டாலரை இஸ்ரேல் நிறுத்தி வைத்தது. சேர்ந்தால் தங்கள் ஆட்களும் விசாரிக்கப்படுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். 2024 மே மாதம் நெதன்யாஹு, கல்லன்ட் ஆகிய இருவரோடு ஹமாஸ் தலைவர்கள் மூவர் மீதும் வாரண்ட் கேட்கப்பட்டது. அதை அறிந்தே உள்ளே வந்தார்கள். நெதன்யாஹு மீதான வாரண்ட் பிறந்ததற்குக் காரணம் அந்த ஒரு கையெழுத்து. ரியாத்தோ கெய்ரோவோ அங்காராவோ அல்ல.

லெபனான் செய்ததைப் பாருங்கள். 2024 ஏப்ரலில், எங்கள் மண்ணில் இஸ்ரேல் செய்யும் குற்றங்களை விசாரிக்க ஹேக்கிற்கு அதிகாரம் தருகிறோம் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. அடுத்த மாதமே அந்த முடிவை மாற்றிக் கொண்டது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் குண்டுகள் பெய்ரூத்தின் மீது விழுந்தன.

மலேஷியாவின் கதை இன்னும் வேதனையானது. அங்கே நம் சொந்தபந்தங்கள் நிறையப் பேர் இருப்பதால் பலருக்கு நினைவிருக்கும். மகாதீர் பதவியில் இல்லாத காலத்தில், 2007இல், போர்க்குற்ற ஆணையம் ஒன்றைக் கோலாலம்பூரில் அமைத்தார். அதன் தீர்ப்பாயம் 2011 நவம்பரில் புஷ்ஷும் பிளேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொன்னது. நாமும் இனிப்பு வழங்காத குறையாக எழுதினோம். அதே மகாதீர் மீண்டும் பிரதமரானார். 2019 மார்ச் 4 அன்று ரோம் சாசனத்தில் சேர்ந்தார். ஒரு மாதம்! மாமன்னர்தானே முப்படைத் தளபதி, அவரையும் பிடித்துக் கொண்டு போய்விடுவார்களே, சுல்தான்களின் உரிமை என்னாவது என்று கூச்சல் கிளம்பியது. ஏப்ரல் 5 அன்று மகாதீர் பின்வாங்கினார். இது நாட்டுக்குக் கெடுதல் என்பதால் அல்ல, குழப்பம் கிளப்பிவிட்டார்கள் என்பதால் வாபஸ் என்றார். புஷ்ஷை நாற்காலியில் வைக்காமலேயே விசாரிக்கத் துணிந்தவரால் 27ஆம் விதியைத் தன் நாட்டு அரண்மனை வாசலைத் தாண்டிக் கொண்டு போக முடியவில்லை.

தார்ஃபூர் விஷயத்தில் நானும் குற்றவாளிதான். 2009இல் சூடான் அதிபர் உமர் அல்பஷீருக்கு வாரண்ட் வந்தபோது, இது முஸ்லிம் நாட்டின் மீது மேற்கு நாடுகள் செய்யும் சதி என்று நோட்டீஸ் அடித்து விநியோகித்தவர்களில் நானும் ஒருவன். தோஹாவில் கூடிய அரபு லீக் மாநாடும் அப்படித்தான் சொன்னது. தார்ஃபூரில் கொல்லப்பட்டவர்கள் யார் என்று அன்று நான் கேட்கவில்லை. அவர்களும் கலிமா சொன்னவர்கள்தான். கறுப்பர்கள், ஏழைகள், அரபிகள் அல்லாதவர்கள். அங்கே கொலை செய்த படையின் தலைவர்களில் ஒருவன் அலீ குஷைபை 2025 அக்டோபரில் ஹேக் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. அந்த நோட்டீஸின் பிரதி ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. எடுத்துப் பார்க்க மனம் வரவில்லை.

இந்த நீதிமன்றம் மட்டும் பரிசுத்தமா?

இல்லை. 2022 வரை அது பகிரங்கமாகக் குற்றம் சாட்டிய அத்தனை பேரும் ஆப்பிரிக்கர்கள். இதைச் சொல்லி ஆப்பிரிக்க நாடுகள் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. 2021 செப்டம்பரில் ஆப்கானிஸ்தான் விசாரணையில் அமெரிக்கப் படையைப் பற்றிய பகுதியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, தாலிபான்களையும் ஐ.எஸ்.ஸையும் மட்டும் முன்னால் எடுத்தார்கள். போலீஸ் இல்லாத கோர்ட். யார் பிடித்துக் கொடுப்பது? வாரண்ட் கையில் இருக்க, 2024 செப்டம்பரில் புடின் உறுப்பு நாடான மங்கோலியாவுக்கும், 2025 ஏப்ரலில் நெதன்யாஹு ஹங்கேரிக்கும் போய்க் கைகுலுக்கிவிட்டு வந்தார்கள். அல்பஷீரை 2017இல் வரவேற்ற ஜோர்டானும் உறுப்பு நாடுதான்.

ஆனாலும் பிலிப்பைன்ஸ் முன்னாள் அதிபர் டுடெர்டேயைப் பாருங்கள். தன் மீது விசாரணை வருகிறது என்றதும் நாட்டையே நீதிமன்றத்திலிருந்து விலக்கினார். 2019இல் விலகல் நடைமுறைக்கு வந்தது. உறுப்பினராக இருந்த காலத்தில் நடந்த கொலைகளுக்கு விலகல் கேடயமாகவில்லை. 2025 மார்ச்சில் மணிலா விமான நிலையத்தில் பிடித்து ஹேக்கிற்கு ஏற்றிவிட்டார்கள். உள்ளே ஒரு நாள் இருந்தால்கூட அந்த ஒரு நாளுக்குக் கணக்குக் கேட்பார்கள். வெளியே நிற்கும் அரசுகள் இதைத்தான் நன்றாகப் படித்து வைத்திருக்கின்றன.

அடுத்த கூட்டத்துக்கான தீர்மான நகலை எழுதி வைத்திருக்கிறேன். நெதன்யாஹுவைக் கைது செய் என்ற வரி அப்படியே இருக்கிறது. அதன் கீழே இரண்டு வரிகள் சேர்த்திருக்கிறேன். இந்திய அரசு இனப்படுகொலைக்கு எதிராகச் சட்டம் இயற்ற வேண்டும், ரோம் சாசனத்தில் சேர வேண்டும் என்பது ஒன்று. சவூதி, எகிப்து, துருக்கி, பாகிஸ்தான், ஈரான், இந்தோனேஷியா, மலேஷியா ஆகிய நாடுகளும் சேர வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்பது இன்னொன்று. நகலைப் பார்த்த நிர்வாகி ஒருவர், “முதல் வரி சரி ஹஜ்ரத். சவூதி பெயர் மட்டும் வேண்டாமே, ஹஜ் கோட்டா அது இதுன்னு எவ்வளவோ விஷயம் இருக்கு” என்றார். நான் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று கருதும் சகோதரர்கள் காரணத்தை எழுதி அனுப்பட்டும். அதையும் இந்தப் பக்கத்திலேயே வெளியிடும்படி ஆசிரியரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.